பூட்டிய மூன்று வீடுகள்

கிள்ளைக்குப் பக்கத்துக் குப்பத்தில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் வேலை அன்று நாலரை மணிக்கே முடிந்துவிட்டது. அதாவது, மேற்பார்வைக்கு வந்த கதிரவனின் நோட்டில் முடிந்துவிட்டது.

மருந்து கொடுத்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் 'பி' போட வேண்டும். பூட்டிய வீட்டுக்கு 'எக்ஸ்'. திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். மூன்று 'எக்ஸ்' பாக்கி. இறால் குட்டை வேலைக்குப் போனவர்கள் ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள். கதிரவனுக்கோ ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து, சிதம்பரத்தில் மாறி, கடலூர் போயாக வேண்டும். இருபத்தாறு வயசு அவசரம்! மூன்று 'எக்ஸை'யும் உள்ளங்கையால் அழித்துவிட்டு 'பி' போட்டுவிட்டான்.

பஸ் நிறுத்தத்தில் அங்கன்வாடி ஆயா கொளஞ்சியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறவள். கால் வீங்கியதால் மத்தியானம்தான் மருந்துப் பெட்டியைக் கதிரவனிடம் கொடுத்திருந்தாள். அதுவரை, மருந்து கொடுத்த அடையாளமாக வைக்கும் மையைக் குழந்தையின் சுண்டுவிரலில் பார்க்காமல் எந்த வாசலையும் அவள் தாண்டவில்லை.

"மூணு வூடு பாக்கி இருந்துதே சார்?"

"குடுத்துட்டேன் ஆயம்மா."

"நீங்களே போனீங்களா!" அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போன வருசம் வந்த சாரு ஜீப்ப வுட்டே எறங்கல."

கதிரவன் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டான்.

பஸ்ஸுக்கு முன்னால் பவானி வந்தாள். ஒன்பது வயசு. இடுப்பில் தம்பி, மூச்சு வாங்கியது.

"ஆயா, எங்க வூட்ல பி போட்டிருக்கு. தம்பிக்குக் குடுக்கவே இல்ல. பி போட்டா வர மாட்டீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அதான் குட்டைக்குப் போயி அம்மாகிட்டேருந்து தூக்கியாந்தேன்."

இடது சுண்டுவிரலைப் பிடித்துக் காட்டினாள். மை இல்லை.

கொளஞ்சியம்மாள் கதிரவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பவானியிடம், "நாந்தான்டி தப்பாப் போட்டுட்டேன். கண்ணு சரியாத் தெரியல" என்றாள்.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. கதிரவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருத்திக்கு ஐம்பத்தெட்டு, ஒருத்திக்கு ஒன்பது. இரண்டு பேரும் எப்பேர்ப்பட்ட மனுஷிகள்! தானும் இருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தான். தம்பியின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, விரலில் மை வைத்தான்.

"ஆயா போடல பாப்பா. நாந்தான் போட்டேன்."

பஸ் கிளம்பிப் போனது.

"மத்த ரெண்டு வூடு?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அதுவும் நாந்தான்."

அவள் திட்டவில்லை. வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைத்தாள். "அப்ப நடங்க சார்."

அடுத்த வீட்டுக் கதவில் இருந்த 'பி'யைக் கதிரவன் சட்டைக் கையாலேயே அழித்தான். பெரிதாக ஒரு 'எக்ஸ்' போட்டான். வீட்டுக்காரர்கள் வரும்வரை அவனும் கொளஞ்சியம்மாளும், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பவானியும் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள்.