ஏழு நாள் குளிர் நோட்டு

எனக்குக் கோபம் வர்றதுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். நோட்டுல ஒரே எண் வரிசையா எட்டுத் தடவை இருந்தா போதும். குளிர்கிடங்குல இருபத்தாறு வருஷமா பொறுப்பாளரா இருக்கேன். மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் மைனஸ் இருபதுல கிடக்கிற இடம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ளே போய் அளவு பாத்து நோட்டுல எழுதணும். சோம்பேறிங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காம, மைனஸ் இருபது, மைனஸ் இருபதுன்னு நாள் முழுக்க வேண்டியதை ஒரே மூச்சுல எழுதி வெச்சிடுவாங்க. நிஜமா போய்ப் பாத்து எழுதினா ஒரு தடவை பத்தொன்பதரை இருக்கும், இன்னொரு தடவை இருபத்தொண்ணு இருக்கும். என்னை ஏமாத்த முடியுமா?

அந்த டிசம்பர்ல எனக்கு வேற கவலை. என் தங்கச்சிக்கு ஜனவரி ரெண்டாவது வாரம் பிரசவம்னு தேதி குடுத்திருந்தாங்க. வயசு முப்பத்தெட்டு. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்காமப் போச்சு. ரெண்டு தடவையும் நான் லீவு கிடைக்கலைன்னு இங்கேயே உக்காந்திருந்தேன். அதை நெனச்சா இப்பவும் என்னை நானே அறைஞ்சுக்கலாம்னு தோணும். இந்தத் தடவை தலைகீழா நின்னாவது போயே தீரணும்னு முடிவு பண்ணிட்டேன்.

அவ என்னடான்னா, "நீ வராதக்கா"ங்கிறா.

அவ இருக்கிறது ஒரு பெரிய கண்டத்தோட நட்ட நடுவுல. எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பாக்க மூணு நாள் ரயில்ல போகணும். வெயில் காலத்துல முப்பத்தஞ்சு டிகிரி கொளுத்தும், ஜனவரில மைனஸ் முப்பதுக்குப் போகும். எனக்கோ மூச்சிழுப்பு. அதனாலயே கிடங்குக்குள்ள போறதை நிறுத்தி வருஷமாச்சு, நோட்டைச் சரிபாக்குறதோட சரி. "இங்கே வந்து உனக்கு மூச்சு முட்டினா நான் என்னைப் பாப்பேனா, உன்னைப் பாப்பேனா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான். அதனாலயே எனக்கு எரிச்சலா வந்துச்சு.

இதுக்கு நடுவுல என் தம்பி மூக்கை நுழைச்சான். அவனும் அதே கண்டம்தான், ஆனா மேற்குக் கடற்கரையோரம். மேப்புல ஸ்கேல் வெச்சுக் குறுக்கே நேரா கோடு போட்டா ரெண்டு பேர் ஊரும் ஒரே கோட்டுல வரும். "நீ என் வீட்டுக்கு வாக்கா. இங்கே ஜனவரிலயும் ஆறு, ஏழு டிகிரிதான். குழந்தை பொறந்து ரெண்டு மாசம் கழிச்சு அவங்களே இங்கே வரட்டும்"னான். ரெண்டு மாசம் கழிச்சு நான் போய் என்ன பண்றது, பேர் வைக்கிறதா?

என் கொழுந்தனார் லாரி ஓட்டுறவர். அவர் இருக்கிறது மலையடிவாரத்துல, தங்கச்சி ஊர்ல இருந்து ஆறு மணி நேரம். "அண்ணி, நம்ம வீட்டுல வந்து தங்குங்க. வலி வந்ததும் நானே கொண்டு போய் விடுறேன். இங்கே ஜனவரி சராசரி மைனஸ் எட்டுதான்"னார். எல்லாருக்கும் அது நல்ல யோசனையா பட்டுச்சு. என் வீட்டுக்காரர்கூடத் தலையாட்டினார்.

நெஞ்சு டாக்டர்கிட்ட போனேன். அவர் வாய்ல சரிங்கிற வார்த்தையே சுலபத்துல வராது. "குளிர்னா மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டுச் சமாளிச்சுடுவீங்க. ஒரே நாள்ல திடீர் திடீர்னு மாறுறதுதான் உங்க நெஞ்சுக்கு ஆகாது. எந்த ஊர் எப்படின்னு விவரமா கொண்டு வாங்க, அப்புறம் சொல்றேன்"னு அனுப்பிட்டார்.

விவரமாவா? என்கிட்டயா? அன்னைக்கே மூணு பேருக்கும் உத்தரவு போட்டேன். காலைல ஆறு, மதியம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு, படுக்கப் போறப்ப ஒரு தடவை. வாசல்ல தெர்மாமீட்டரை மாட்டி, நேர்ல பாத்து, ஏழு நாளைக்கு எழுதி அனுப்பணும். சராசரி கிராசரின்னு எவனாவது பேசினா நடக்கிறதே வேற.

மொதல்ல வந்தது கொழுந்தனாரோட நோட்டு. காலைல மைனஸ் இருபத்திரண்டு. மதியம் பிளஸ் ஆறு. நான் டீ குடிச்சுக்கிட்டிருந்தவ அப்படியே எழுந்துட்டேன். கிடங்கு நெனப்புலயே அவருக்குப் போனைப் போட்டு, "கம்ப்ரெஸர் போயிடுச்சா? மெக்கானிக்கைக் கூப்பிட்டீங்களா?"ன்னு கத்தினேன். அவர், "அண்ணி, இது வெளியில இருக்கிற வானம். இதுக்கு யாரைக் கூப்பிடுறது?"ன்னு கேட்டார். மலையைத் தாண்டி ஒரு காத்து கீழே இறங்குமாம். இறங்கினா ரெண்டு மணி நேரத்துல பனியெல்லாம் உருகி ஓடுமாம். மறுநாள் காலைல திரும்பவும் உறைஞ்சு கிடக்குமாம். மைனஸ் எட்டுங்கிற சராசரிக்குள்ள இவ்வளவு கூத்து! ஒரே நாள்ல இருபத்தெட்டு டிகிரி ஆட்டம். அந்த ஊர் மேல சிவப்புப் பேனாவால ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டேன்.

அடுத்து தம்பியோட நோட்டு. ஆறு, ஏழு, ஏழு, ஆறு. மறுநாள் ஆறு, ஏழு, ஏழு, ஆறு. ஏழு நாளும் அதே பாட்டு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு.

"ஏண்டா, உக்காந்த இடத்துலயே எழுதினியா? என்கிட்டயே உன் வேலையைக் காட்டுறியா? கூடப் பொறந்தவ பிரசவத்துக்குக்கூட எழுந்து வாசலுக்குப் போக உனக்கு உடம்பு வணங்கலையா?"

"அக்கா, நெஜமாவே..."

"வாயை மூடு!"ன்னு போனை வெச்சுட்டேன்.

என் வீட்டுக்காரர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே துணி மடிச்சுக்கிட்டிருந்தார். அவசரமே படாம, "அவன் வீட்டுப் பக்கத்துல என்ன இருக்கு?"ன்னு கேட்டார்.

"கடல். அதுக்கென்ன இப்போ?"

"அடுப்பை அணைச்சதும் வெறும் இரும்புச் சட்டி எவ்வளவு சீக்கிரம் ஆறுது? ஒரு அண்டா வெந்நீர் எவ்வளவு நேரம் சூடா கிடக்குது? அவன் அண்டா பக்கத்துல இருக்கான். உன் தங்கச்சி சட்டி நடுவுல இருக்கா. அவன் ஊர் காத்து கடல் மேல இருந்துதான் வருது. ஆறும் ஏழுமா இல்லாம வேற என்ன இருக்கும்?"

கல்யாணம் ஆன இருபத்தஞ்சு வருஷத்துல அந்த மனுஷன் இவ்வளவு நீளமா பேசினதில்ல. எனக்கு முகத்தை எங்கே வெச்சுக்கிறதுன்னே தெரியல. தம்பிக்குத் திரும்பப் போன் பண்ணினேன். பாவம், மழைல குடையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு நாளைக்கு நாலு தடவைன்னு இருபத்தெட்டு தடவை வாசலுக்குப் போயிருக்கான். "தப்புதான்டா, மன்னிச்சுக்கோ"ன்னேன். "இன்னொரு தடவை சொல்லு, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்"னான். திமிர் பிடிச்சவன்.

கடைசியா தங்கச்சியோட நோட்டு வந்துச்சு. மைனஸ் இருபத்தேழு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தெட்டு. ஏழு நாளும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ரெண்டு மூணு டிகிரிதான். குளிருன்னா குளிரு, ஆனா முழுசா ஆறிப்போன சட்டி மாதிரி நிலையா நிக்கிற குளிரு. நம்ம கிடங்குக் குளிரு. எனக்குக் குதிக்கலாம் போல இருந்துச்சு.

அப்பதான் மண்டைல உறைச்சது. வெளியில மைனஸ் இருபத்தேழுன்னா வீட்டுக்குள்ள? ஹீட்டர் போட்டு இருபத்திரண்டு இருக்கும். கதவைத் திறந்து ஒரு அடி எடுத்து வெச்சா நாப்பத்தொன்பது டிகிரி தாவணும். கொழுந்தனார் ஊரே தேவலையே! நோட்டை அப்படியே மூடிட்டேன். சோறு எறங்கல.

சாயங்காலம் மனசு கேக்காம திரும்பத் திறந்து பாத்தேன். அடில, நான் கேக்காத இன்னொரு வரிசை இருந்துச்சு. 'கதவறை'ன்னு தலைப்பு. ஒன்பது, எட்டு, ஒன்பது, பத்து. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவுல பூட்ஸ் கழட்டுறதுக்கு ஒரு சின்ன அறையாம். 'ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறக்காது. நாற்காலி ஒண்ணு போட்டிருக்கேன். பத்து நிமிஷம் உக்காந்தா மூச்சு சரியாகுது'ன்னு பக்கத்துல குட்டியா எழுதியிருந்தா.

நோட்டைத் தூக்கிக்கிட்டு மறுநாளே டாக்டர்கிட்ட ஓடினேன். அவர் ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சார். கதவறைகிட்ட வந்ததும் நின்னார். "வீட்டை விட்டு அதிகமா வெளியே சுத்தாதீங்க. இந்த அறைல பத்து நிமிஷம் இருந்துட்டுத்தான் உள்ளே போறதும் வெளியே வர்றதும். மருந்து கைலயே இருக்கட்டும். போயிட்டு வாங்க"ன்னார். அவரைக் கட்டிப் பிடிக்காததுதான் குறை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்புல நின்னே தங்கச்சிக்குப் போன் பண்ணினேன்.

"ஏண்டி, வாயைத் திறந்தா வராத, வராதன்னே. அப்புறம் எதுக்குடி அந்த அறையை அளந்தே? அந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு ஏழு நாள் யாருக்காக அங்கே போய் உக்காந்திருந்தே?"

மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

"நீ வந்துடுவியோன்னு பயமா இருந்துச்சுக்கா"ன்னா. "வராம இருந்துடுவியோன்னு அதைவிடப் பயமா இருந்துச்சு."

பஸ் வந்து நின்னுச்சு, ஏறவே இல்ல. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாக்குற அளவுக்கு, "வியாழக்கிழமை வர்றேன்டி. மொதல்ல எழுந்து போய்ச் சாப்பிடு!"ன்னு சத்தம் போட்டேன்.