ஆ. சங்கரசுப்பு

விசைத்தறிகளின் சத்தத்தையும் மீறி வாசலில் தபால்காரர் சண்முகையாவின் குரல் வெடித்தது.

"டாக்டர் சங்கரசுப்பு அண்ணாச்சி! ஜெர்மனில இருந்து உமக்குக் கடுதாசி வே!"

தறிக்கூடமே சிரித்தது. "அண்ணாச்சிக்குப் பொண்ணு குடுக்கப்போறானோ என்னமோ" என்றாள் நூல் சுற்றிக்கொண்டிருந்த பூமாரி.

பக்கத்து அறையில் படுத்திருந்த மகன் ஆவுடையப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் வேதியியல் ஆசிரியர் அவன். புளியங்குடி எலுமிச்சைத் தோலைக் காய்ச்சியும் வடித்தும் அதிலுள்ள கரிமப் பொருள்களைப் பிரித்ததில் பதினோரு வருடம் போயிருந்தது. வெளிநாட்டு இதழ்களில் ஒன்பது கட்டுரைகள் வந்திருந்தன. நேற்று மதுரைப் பல்கலைக்கழகத்தில் ரீடர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. தேர்வுக்குழுத் தலைவர் செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். யாருடைய ஆராய்ச்சியை யார் யார் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று பெயர்வாரியாகச் சொல்லும் புத்தகம். ஆவுடையப்பன் என்ற பெயரே அதில் இல்லை.

"உலகத்துல ஒருத்தர்கூட உங்களக் கண்டுக்கலையே சார்" என்று மூடிவைத்துவிட்டார்.

எரிச்சலோடு எழுந்து போய் அப்பா கையிலிருந்த கார்டை வாங்கினான். எலுமிச்சைத் தோல் கட்டுரையின் பிரதி ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தார் யாரோ ஒரு பேராசிரியர். மேலே முகவரி: டாக்டர் ஆ. சங்கரசுப்பு.

அவனுக்குச் சுருக்கென்றது. முதல் கட்டுரையை வீட்டு முகவரி கொடுத்து அனுப்பியபோது, 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதியது அவன் கைதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து எந்தப் படிவத்திலும் அப்பா பெயரை எழுதிப் பழகிய கை. இதழில் அப்பா கட்டுரையாசிரியராகிவிட்டார்; மகன் இனிஷியலாகிவிட்டான்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்துச்சாப்பா?"

சங்கரசுப்பு, நூல் சுற்றும் தார்க்குச்சிப் பெட்டியின் அடியிலிருந்து கட்டு ஒன்றை எடுத்தார். இருபத்து மூன்று கார்டுகள், நூலால் கட்டப்பட்டிருந்தன.

"எம்பேரு போட்டிருந்துச்சு. வச்சுக்கிட்டேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்கு ஓடினான். அதே புத்தகத்தில் 'சங்கரசுப்பு, ஆ.' என்ற பெயரின் கீழே அரைப் பக்கம். ஜப்பான், ரஷ்யா, கனடா. எண்ணிப் பார்த்தான், நாற்பத்தொரு பேர். அதைப் பல்கலைக்கழக அலுவலக மேனேஜரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது உங்க அப்பா பேருல்ல? அவரு கெமிஸ்ட் இல்லைங்கறதுக்கு என்ன சார் அத்தாட்சி?"

"அவரு தறி ஓட்டுறாரு சார்! அஞ்சாங்கிளாஸ்!"

"கோபப்படாதீங்க. இதெல்லாம் நான் எழுதலைன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை செலக்‌ஷன் லிஸ்ட் போயிரும்."

வியாழன் மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் ஓய்ந்திருந்தன. பத்திரத்தை அப்பாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினான். மேற்படி ஒன்பது கட்டுரைகளுக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். சங்கரசுப்பு கஞ்சிப்பசை ஒட்டிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். 'ச' போட்டார். அதோடு நிறுத்திவிட்டார்.

"போடுங்கப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் பேனாவைத் தூக்காமலே கேட்டார்:

"ஏலே, இதுல கையெழுத்துப் போட்டுட்டா, அந்த வெள்ளக்காரனுவ இனிமே எனக்குக் கடுதாசி போட மாட்டானுவளா?"