எப்பவும் குடுக்கறது

பம்ப் டாக்டருக்கு பிசினஸ் கிளாஸில் இடம் வாங்கிக்கொடுத்தது படிப்போ பதவியோ அல்ல, முழங்கால். மடக்கினால் நீட்ட வராது, நீட்டினால் மடக்க வராது. பழுதான பம்புகளைத் தேடி வாராவாரம் பறக்கிற மனிதர், இறங்கியதும் நிமிர்ந்து நின்று வேலை பார்க்க வேண்டுமே என்று கம்பெனி அவரைத் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார வைத்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம். ஏறி மூச்சு விடுவதற்குள் இறங்கிவிடும். அதற்குள் என்ன கிடைக்கும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். ஒரு வாரம் முகத்துத் தோலே கழன்று வருகிற சூட்டில் துண்டு தருவார்கள். மறுவாரம் கை துடைக்கக் காகிதம் கேட்டால், பக்கத்து சீட்டுக்காரர் படிக்கிற செய்தித்தாளைப் பார்ப்பார்கள். ஒரு வாரம் பீங்கான் தட்டு, பெயர் சொல்லி உபசாரம். மறுவாரம் ஒரு குட்டிப் பாக்கெட் பாதாம், அதிலும் பாதி காற்று. யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் பாதாம் வாரங்கள்தான்.

வீட்டில் அவர் அப்படிச் சொல்லவில்லை. நல்ல வாரங்களை மட்டும் பொறுக்கி, ஒட்டுப்போட்டு, ஒரே பயணமாக்கி மனைவியிடம் அளந்துவிட்டார். சூப்பில் தொடங்கி கேக்கில் முடிகிற விருந்து. அவளும் நம்பினாள். நம்பியதன் பலன், அவர் திரும்புகிற வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் அடுப்பே எரியவில்லை. மேலேயே மூக்கு முட்டத் தின்றுவிட்டு வருகிறவருக்கு எதற்குச் சமையல்? அவள் பிஸ்கட்டைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிடுவாள். அவர் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுப்பார். பசிக்கிறது என்று வாயைத் திறந்தால் சூப்பு, கேக்கு, கௌரவம் எல்லாம் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடும். வருஷக்கணக்காகக் கவிழாமல் காப்பாற்றிவந்தார். அலுப்பான உத்தியோகம்தான். பம்பே பரவாயில்லை.

அப்புறம், வாராவாரம் பறந்ததில் சேர்ந்திருந்த பாயிண்டுகளில் மனைவிக்கும் ஒரு டிக்கெட் கிடைத்துத் தொலைத்தது. மகள் வேலை பார்க்கும் ஊருக்கு இருவரும் கிளம்பினார்கள். அவள் மதியம் சாப்பிடவில்லை. விருந்துக்கு வயிற்றில் இடம் வேண்டுமாம்.

விமானம் மேலே ஏறியதும் பணிப்பெண் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். விடிந்ததிலிருந்து அவளும் பூமிக்கும் வானத்துக்குமாகத் தையல் ஊசி மாதிரி போய்வந்துகொண்டிருக்கிறாள். சிரிப்பை மட்டும் கழற்ற மறந்திருந்தாள். நீட்டியது இரண்டு அட்டைப்பெட்டி. உள்ளே ஆளுக்கொரு பன். எந்த ராஜா காலத்துப் புதையலோ, கல்லாக இருந்தது.

பம்ப் டாக்டர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். "எப்பவும் குடுக்கறதைக் குடுங்கம்மா."

கண்ணடிப்பதைப் புரிந்துகொள்ளும் தெம்பு அவளிடம் இல்லை. "எப்பவும்னா எது சார்? கீழேருந்து எதை ஏத்தி விடறாங்களோ அதைத்தான் குடுக்கறோம். காலையில சூப்பு ஏத்துனாங்க, இப்ப பன்னு. உங்களுக்குத் தெரியாததா? போன வாரம், வீட்லயும் ஒண்ணும் இருக்காதுன்னு ரெண்டாவது பாதாம் பாக்கெட் கேட்டு வாங்கினீங்களே."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மனைவி பெட்டியை மெதுவாக மூடினாள்.

"அப்ப சூப்பு?"

"ரெண்டு மூணு தடவ குடுத்திருக்காங்க."

"கேக்கு?"

"ஒரே ஒரு தடவ. அதும் பக்கத்து சீட்டுக்காரருக்கு."

அவள் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஜன்னலைப் பார்த்தபடி, "மனுஷன் வயிறாரத் தின்னுட்டு வந்திருக்காருன்னு நான் பாட்டுக்கு நிம்மதியா தூங்கியிருக்கேன் பாருங்க," என்றாள். தன் பன்னையும் எடுத்து அவர் பெட்டியில் வைத்தாள். பட்டினி கிடந்தவள் அவள். மென்று விழுங்குவதற்குள் விமானம் இறங்கிவிட்டது. அவருக்கு இன்னும் இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே பணிப்பெண். அன்றைக்கு ஓய்வெடுத்துவிட்டு வந்தவள் போலிருந்தாள். மேடம் முன்னால் சங்கடப்படுத்திவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு, அவருக்கு அபிஷேகமே செய்துவிட்டாள். சூடான துண்டு, சூப்பு, மீன், மறுபடியும் மீன், மலை மாதிரி கேக்கு. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். வருஷக்கணக்காகப் பாதாம் தின்ற வாய் ஒத்துழைக்கவில்லை. சீட் பெல்ட் போட ஆள் கூப்பிட வேண்டியிருந்தது.

வீட்டு மாடிப்படி ஏறும்போதே வாசனை அவரை வழிமறித்தது. முழங்கால் இன்றைக்குப் பார்த்து மேலே வர மறுத்தது. மேஜையில் சோறு, மீன் வறுவல், ஒரு பாத்திரம் நிறைய சூப்பு, கொஞ்சம் கருகிய ஒரு கேக்கு. சாயந்திரம் முழுக்க அடுப்படியில் நின்ற களைப்போடு மனைவி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவள் தட்டும் காலியாக, கவிழ்த்தபடி இருந்தது.

"இன்னிக்கு என்னங்க குடுத்தாங்க?"

அவர் சூப்பைப் பார்த்தார். கேக்கைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாதாம்," என்றார். பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவப் போனார்.