திமிங்கிலத்துக்கு முன்னால் ஒரு பக்கம்

அச்சகக்காரர் மாதிரிப் பிரதியைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

“தலை இங்க இருக்கு. வால் எங்கம்மா?”

பதிமூன்றாம் பக்கத்தில், கடைத்தெருவைப் பிளந்துகொண்டு திமிங்கிலத்தின் தலை எழும்பியிருந்தது. வால் அதே தாளின் முதுகில். கணினியில் அவள் ஒன்றாம் பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் ஜோடி சேர்த்தே பார்த்து வந்தாள். அச்சில் முதல் பக்கம் வலப்புறம் தனியாக நிற்கும் என்பது உறைக்கவேயில்லை. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்த நேரம் போக, பதினான்கு மாதம் வரைந்த படக்கதை. இரண்டு பக்கத்துக்கும் விரிய வேண்டிய இந்த ஒரு படத்துக்காகவே எழுதிய கதை. நாளைக் காலை புத்தகச் சந்தையில் அவளுக்கு அரை மேசை ஒதுக்கியிருந்தார்கள்.

“இப்படியே விடுடி. யாருக்குத் தெரியப் போவுது?” என்றாள் கூட வந்த அக்கா.

“எனக்குத் தெரியும்க்கா.”

“நாலு மணிக்கு மெஷின் உங்களுக்கு. விட்டா அடுத்த வாரம்தான்,” என்றார் அச்சகக்காரர். “திமிங்கிலத்துக்கு முன்னாடி ஒரு பக்கம் சேத்தா எல்லாம் ஒண்ணு தள்ளும், தலையும் வாலும் எதிரெதிரா வந்துடும். ஆனா இருபத்து நாலுக்கு மேல தாள் இடம் கொடுக்காது. பின்னாடி ஒண்ணு போகணும்.”

கடைசிப் பக்கம் நன்றிப் பக்கம். சொந்தபந்தம் முப்பத்தொரு பேர்.

“எடுத்துடுங்க.”

“அடிப்பாவி! முதல் பேரே உன் மாமாதான். ஆபீஸ் பூரா தம்பட்டம் அடிச்சு வெச்சிருக்காரு.”

“மாமாவைத் திமிங்கிலம் முழுங்கிடுச்சுன்னு சொல்லிடு.”

மணி மூன்று ஐந்து. காகிதக் கட்டுகளை ஒதுக்கி உட்கார்ந்தாள். பென்சிலைக் கடித்தாள். பிறகு ஜுரம் கண்டவள்போல வரைந்தாள்: பஸ் நிறுத்தம், காத்திருக்கும் அத்தனை பேரும் தரையைப் பார்க்கிறார்கள், காலடிக் குட்டையில் வளையம் வளையமாய்த் தண்ணீர். பேச்சே இல்லை. அக்கா பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்துக்கொண்டே வந்தாள்.

“ஊதாதக்கா, எச்சில் தெறிக்கும்!”

“வேலையும் வாங்கு, வையவும் செய்!”

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பக்கம் ஸ்கேனருக்குள் போனது.

ஸ்டேப்ளர் பின் அடித்த முதல் பிரதி சூடாக வந்தது. அவளுக்குப் பிரித்துப் பார்க்கக் கை வரவில்லை. கதையை அதுவரை பார்த்திராத மெஷின்காரரிடம் நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினார். பதிமூன்றில் நின்றார்.

“எதைத் தங்கச்சி எல்லாரும் குனிஞ்சு பாக்குறாங்க?”

“திருப்புங்கண்ணே.”

திருப்பினார். தலை முதல் வால் வரை திமிங்கிலம் ஒரே வீச்சில் விரிந்தது. அவர் தலை சட்டெனப் பின்னால் போனது.

“யப்பா!”

அக்கா அவள் தோளை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஓட்டட்டுமா?” என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

“ஓட்டுங்கண்ணே!”