மூன்றாவது வாட்டர் பம்ப்

"உங்களுக்கு இன்னா எடுத்தாரட்டும்? கூச்சப்படாம சொல்லுங்க" என்று லோயிஸ் கேட்டாள்.

"கார்புரேட்டர்" என்றார் நேசகுமார்.

"பொண்டாட்டி இங்கிலாண்டுக்கு போறா. ஆம்பள வாயில வர்றது கார்புரேட்டரா?"

"ரெண்டு வேணும். ஜோடியாதான் மாட்டணும். கையிலயே எடுத்தாந்துடு, பார்சல்ல போட்டா ஒடைஞ்சிடும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குள் சென்னை பஸ் வந்துவிட்டது.

சித்தூர் பஸ் நிலையத்தில் அந்தப் பேச்சு நடந்து எட்டு வருடம் ஆகிறது. போகாதே என்று சொல்லத்தான் நேசகுமார் அன்று வாயைத் திறந்தார். எந்த முகத்தோடு சொல்வது? புதுப்புதுக் கார்கள் வந்து, எல்லாரும் கம்பெனி ஷோரூமுக்கே சர்வீசுக்குப் போகத் தொடங்கிய காலம். அவர் தன் ஒர்க்ஷாப்பில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் தபிதா கல்லூரியில் சேர வேண்டும். லோயிஸ் நர்ஸ், இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் நர்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அதனால் அவர் கார்புரேட்டர் கேட்டார்.

அந்தக் கார்புரேட்டர்களை மாட்டிய காரில்தான் இப்போது இருவரும் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விற்பதற்கு.

1951ஆம் வருடத்து எம்.ஜி., இங்கிலாந்துக் கார். இரண்டே சீட். மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. முப்பது வருடம் கொட்டகையில் கிடந்து துருப்பிடித்த அதை, சர்ச் சபையார் ஒரு வருடம், அறுவடைக் காணிக்கைகளை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே நிறுத்தினார்கள். நேசகுமார் கையைத் தூக்கினார். எங்கே இவர் மனம் மாறிவிடப் போகிறாரோ என்று பயந்தவர்போல, பாஸ்டர் ஒரே மூச்சில் மூன்று எண்ணி முடித்துவிட்டார்.

லோயிஸ் கொண்டுவந்த பாகங்களால்தான் அது மறுபடி காரானது. வருடா வருடம் கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஊர் ஸ்பேனர் எதுவும் இதன் நட்டுக்குப் பொருந்தவில்லை என்று ஸ்பேனர் செட்டைக்கூடச் சுமந்து வந்தாள்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. காரின் வேலை மூன்று வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்த வருடம் அவள் போனில், "இந்த வாட்டி லீவு எடுக்கலங்க, டியூட்டி நெறைய இருக்குது" என்றாள். உடனே நேசகுமார், "வாட்டர் பம்ப் ஒழுகுது. கையில எடுத்தாந்தாதான் ஆவும்" என்றார். அவள் டிக்கெட் போட்டாள். அடுத்த வருடம் அந்தப் பம்பும் சரியில்லை என்றார். மறுபடி வந்தாள். அந்த முறை பெட்டியின் எடை கூடிவிட, தன் அம்மா ரத்னம்மாவுக்கு வாங்கியிருந்த கம்பளிப் போர்வையை விமான நிலையத்திலேயே எடுத்துப்போட்டுவிட்டு, பம்பை வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதத்தில் ரத்னம்மா கண்ணை மூடினார். "போர்வைய ஒரு நாளாச்சும் போத்தினு இருப்பாங்க" என்று லோயிஸ் அழுதபோது, நேசகுமார் பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அந்தக் காரை அவரால் நிம்மதியாகத் துடைக்க முடிந்ததில்லை. அப்படியும் மூன்றாவது பம்ப் கேட்டார். கேட்டபின் மூன்று நாள் தூங்கவில்லை. நான்காவது கேட்டுவிடுவோமோ என்ற பயத்தில்தான் பேப்பரில் விற்பனை விளம்பரம் கொடுத்தார்.

"வித்துட்டு இன்னா பண்ணுவீங்க?" என்று லோயிஸ் இப்போது கேட்டாள். புத்தலப்பட்டு தாண்டியிருந்தது. காற்றில் அவள் முடியெல்லாம் முகத்தில் விழுந்தது.

"சும்மா இருப்பேன்."

"நீங்களா? ஆஸ்பத்திரி அனுப்பின புது காயிதத்துல நான் சைன் போட்டு அனுப்பினா இன்னும் மூணு வருஷம் அங்கதான். அதுவரிக்கும் சும்மா இருப்பீங்களா?"

சீட்டுக்குப் பின்னால் தகரப் பெட்டி கடகடவென்று ஆடியது. 'அது எதுக்கு, வீட்லயே இருக்கட்டும்' என்று அவர் எவ்வளவு சொல்லியும், 'வாங்கறவருக்கு ஸ்பேர் வேணாமா?' என்று லோயிஸ் தானே தூக்கி வைத்த பெட்டி. பாகாலாவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பாகாலா போயிற்று. சந்திரகிரியில் டீ குடித்தார்கள். டீயும் முடிந்தது.

திருப்பதியில் காரை வாங்கப்போகும் ஹரிபாபு, தான் புதிதாகக் கட்டிய ஓட்டலின் வாசலிலேயே காத்திருந்தார். காரை ஒருமுறை சுற்றி வந்தார். இருபது வயதுப் பையன்போல ஹாரனை அடித்துப் பார்த்தார்.

"பாகா உந்தி சார்! ரொம்ப நல்லா இருக்குது. லாபியில நிறுத்திட்றேன். பெருமாள சேவிக்க ஆறு மணி நேரம் நிக்கிறவங்க, இத்த ரெண்டு நிமிஷம் பாக்கட்டுமே. ஸ்பேர் பார்ட்ஸ் ஏதாச்சும்...?"

"ஒண்ணும் இல்ல" என்றார் நேசகுமார் அவசரமாக.

"இன்னாங்க இல்லன்றீங்க? பொட்டி நெறைய இருக்குது" என்றாள் லோயிஸ்.

"அப்ப பாத்து வைங்கம்மா, காபி சொல்லிட்டு வரேன்" என்று ஹரிபாபு உள்ளே போனார்.

அவள் பெட்டியைத் திறந்தாள். பழைய துணிகளை விலக்கினாள். மூன்று அட்டைப் பெட்டிகள். மூன்றிலும் அவள் கையால் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

ஒவ்வொரு டேப்பையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, இது எதுவுமே மாட்டலியா?"

"மொதல்ல இருந்த பம்பே நல்லா ஓடிக்கினு இருக்குது."

"அப்ப ஒழுகுதுன்னது?"

"பொய். வண்டி வேல முடிஞ்சி மூணு வருஷம் ஆவுது."

அவள் ஒரு பெட்டியைக் கையில் எடுத்தாள். எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "இதுக்கோசரம்தான் அம்மாவோட போர்வைய ஏர்போர்ட்ல போட்டுட்டு வந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"தெரியும். அத்த நெனைக்காத நாளில்ல."

"எதுக்குங்க? எதுக்கு இப்டி பண்ணீங்க?"

"லீவுக்கு வரலன்னு சொன்னியே."

"அதுக்கு பம்ப்பா? பம்ப் கேட்டா வருவா, புருசன் வான்னு கேட்டா வரமாட்டான்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"உன் சம்பாத்தியத்துல துன்னுக்கினு, எந்த வாயால கேக்கறது?"

"நான் என்னிக்காச்சும் அப்டி ஒரு வார்த்த சொன்னனா? சொல்லுங்க. தபிதா சொன்னாளா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். உள்ளிருந்து ஹரிபாபு காபித் தட்டோடு வருவது தெரிந்தது. லோயிஸ் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் சார்" என்று கை காட்டினாள். ஹரிபாபு தயங்கி, படியிலேயே நின்றுவிட்டார்.

நேசகுமார் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார்.

"லோயிசு" என்றார். "அந்தக் காயிதத்துல சைன் போடாத. போவாத. என் கூடவே இரு."