சுரேன் எழுதிய பதில்கள்

"உங்க கம்பெனி ஏன் தோத்துப் போச்சு?" என்று என் கணவன் சுரேன் கேட்டான். கேட்டுவிட்டு மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டான். முதலீடு போடுகிறவர்கள் பேனாவை அப்படித்தான் பிடிப்பார்கள் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே கைலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசை. மீன் குழம்பு வாசம் இன்னும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை கோலாலம்பூரில் எனக்கு ஒரு வேலைக்கு நேர்முகம், அதற்குத்தான் இந்த ஒத்திகை. தோற்றுப்போன கம்பெனி எங்களுடையது. காகிதத்தில் என்னுடையது. உண்மையைச் சொன்னால் அவனுடையது.

ஆரம்பித்த வருஷம், இங்கே இந்தியப் பெண்கள் தொழில் தொடங்க அரசாங்கம் ஒரு மானியம் கொடுத்தது. கம்பெனி பெண் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், பெரும்பங்கு அவள் கையில் இருக்க வேண்டும். மனைவி பெயரில் கேட்டரிங் நடத்துகிறவர், அம்மா பெயரில் லோரி ஓட்டுகிறவர் என்று எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் உண்டு. அதனால் இது எங்களுக்குப் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. "கையெழுத்து மட்டும் போடு சுபா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான். போட்டேன். என் அப்பா துரைசிங்கம் யாழ்ப்பாண வழி வந்தவர், நில அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "கம்பெனி உன்ர பேரிலயோ? அப்ப நட்டமும் உன்ர பேரிலதான் பிள்ளை" என்றார். ரப்பர் தோட்டத்துப் பையனைக் கட்டிக்கொண்டேன் என்கிற கோபம் அவருக்கு அப்போதும் ஆறியிருக்கவில்லை, அதனால்தான் அப்படிப் பேசுகிறார் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் செய்தது பள்ளிக்கூட வேனுக்கு ஒரு செயலி. பெயர் 'வந்தாச்சு'. வேன் எந்த முனையில் வருகிறது, பிள்ளை ஏறிவிட்டதா, இறங்கிவிட்டதா என்று பெற்றவர்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். பினாங்கு தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பிரிவில் வேலை பார்த்தபோதே அவன் தலையில் இது ஓடிக்கொண்டிருந்தது. அவன் வேலையை விட்டான், ஈப்போவுக்கு வந்தோம், பிறகு நானும் விட்டேன். கம்பெனி காலூன்றட்டும், பிறகு குழந்தை என்று பேசிக்கொண்டோம். எனக்கு இப்போது முப்பத்தொன்பது. இதை இதற்குமேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

நான் ஏன் மேடையேறினேன் என்றால், புதுக் கம்பெனிகள் முதலீடு கேட்டுப் பேசும் முதல் போட்டியிலேயே 'உரிமையாளர்தான் பேச வேண்டும்' என்றுவிட்டார்கள். அது நல்லதாகவும் போயிற்று. சுரேன் சுங்காய் பக்கத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். தமிழில் பேசினால் எதிரே உள்ளவர் வாயடைத்துப் போவார், மலாயிலும் விட மாட்டான். ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் போனால் தண்ணீர் கேட்பான். நான் ஆங்கிலப் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கும் அப்பாவுக்குப் பிறந்தவள். ஆகவே அவன் எழுதுவான், நான் மனப்பாடம் செய்வேன். இதே மேசையில் எதிரே உட்கார்ந்து நடுவர்போலக் கேள்வி கேட்பான். கேள்வியை ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிடுவான். முதல் உரையை 'ஒரு தாயாக, பள்ளி வாசலில் காத்திருக்கும்போது' என்று தொடங்கி எழுதிக் கொடுத்தான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு வேறு. நான் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் வேறு வரி எழுதினான்.

சொல்வதற்கென்ன, மேடை எனக்குப் பிடித்துப்போனது. முகத்தில் வெளிச்சம் விழுந்தால் எனக்கு நடுக்கம் நின்றுவிடும். நடுவர்கள் சிரிப்பார்கள், நான் வேண்டுமென்றே ஒரு நிமிஷம் மௌனமாக நின்றால் அவர்களும் சேர்ந்து நிற்பார்கள். இரண்டு போட்டிகளில் பரிசு வாங்கினோம். தீபாவளிக்குச் சுங்காய் போனபோது மாமியார் காளியம்மா பரிசு வாங்கிய படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பள்ளிக்கூடக் கேண்டீனில் மங்கு, தட்டு கழுவுகிறவர், அக்கம்பக்கம் முழுக்க 'மவன் கம்பெனி வச்சிருக்கான்' என்று சொல்லி வைத்திருந்தார். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்கடா இருக்க?" என்று கேட்டார். "நாந்தாம்மா போட்டோ புடிச்சேன்" என்றான் சுரேன். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பரிசு கிடைத்தது, வேன்கள் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் கதை. ஐயாவு அண்ணே என்று ஒருத்தர், எங்கள் தெருவிலேயே வேன் வைத்திருக்கிறவர், நல்ல மனுஷன். முதலில் சேர்ந்தவரும் அவர்தான், முதலில் கழன்றவரும் அவர்தான். "தம்பி, புள்ளைங்கள எறக்கி விட்டுட்டு நான் ஒரு தே ஓ குடிக்க நிப்பேன். கடைக்காரன்கிட்ட நாலு வார்த்த பேசுவேன். அத எல்லா அம்மாவும் போன்ல பாத்துக்கிட்டே இருக்கணுமா? சூசா லா, பெரிய தொல்ல" என்றார். அம்மாமார்களைக் கேட்டால், அண்ணனுக்கு வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினால் போதும், இது எதற்கு என்றார்கள். ஒரு வாரம் வேனில் ஏறி உட்கார்ந்து பார் என்று நான் சுரேனிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கணினிமுன் உட்கார்ந்து, வேனின் படத்தை இன்னும் அழகாக மாற்றினான். வரைபடத்தில் அது மெதுவாக வளைவு திரும்பும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் மெய் ஃபோங் அழைத்தாள். கோலாலம்பூரில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் இருக்கிறவள், எங்கள் கடைசி நம்பிக்கை. நான் புந்தோங் சந்தையில் கங்கோங் கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். "உங்கள் தயாரிப்பை நாங்கள் எடுக்கப் போவதில்லை. மன்னியுங்கள். ஆனால் நாங்கள் முதலீடு போட்டிருக்கும் கம்பெனி ஒன்றுக்கு, வியாபாரிகளிடம் பேசி ஆள் சேர்க்க ஒரு தலைவர் வேண்டும். நீங்கள் பேசினதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை." வேறு எந்தக் கம்பெனியிலும் பெயர் இருக்கக் கூடாது, கோலாலம்பூருக்கு வந்துவிட வேண்டும், செவ்வாய்க்கிழமை பெரியவர்கள் பார்ப்பார்கள். நான் நன்றி சொன்னேன். கீரைக்காரி மிச்சம் கொடுத்ததை வாங்காமலே நடந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன செய்வது. கார்வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

என் பெயர் விலகினால் கம்பெனியை மூட வேண்டும். மானியத்தின் நிபந்தனை அது, சுரேனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னேன். மேசைமேல் கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். நான் இரண்டில் ஒன்றை எதிர்பார்த்தேன். 'போகாதே' என்று கத்த வேண்டும். இல்லாவிட்டால் 'நானும் வாரேன்' என்று சொல்ல வேண்டும். எதைச் சொல்லியிருந்தாலும் நான் அப்படியே செய்திருப்பேன், சத்தியமாக. அவன் கணினியை மூடினான். பிறகு, "நேர்முகம்னா தயார் பண்ணணுமே" என்றான். பக்கத்திலிருந்த தாளை இழுத்துக் கேள்விகளை எழுத ஆரம்பித்துவிட்டான்.

"நீ என்ன பண்ணுவ?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"பாப்போம். அம்மா இருக்காங்க, அங்க போய்க் கொஞ்ச நாள் இருக்கலாம்."

"நீயும் கேயெல்லுக்கு வந்து வேல பாக்கலாம்ல?"

"எனக்கு யாரு குடுப்பா?" என்றான், எழுதிக்கொண்டே. குரலில் கோபமே இல்லை. வருஷத் தொடக்கத்தில் எனக்குத் தெரியாமல் காம்பார் ஊரில் ஒரு வேலைக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். எதிரே உட்கார்ந்தவனுக்கு இருபத்தாறு வயசு இருக்குமாம். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் தொண்டை காய்ந்துவிட்டதாம். அதையும் அன்றைக்குத்தான் சொன்னான்.

இப்போது மேசையில் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான். உங்க கம்பெனி ஏன் தோத்துப் போச்சு. தாளில் பதிலையும் அவனே எழுதி வைத்திருந்தான். சந்தை இன்னும் பக்குவப்படவில்லை, முதலீட்டுச் சூழல் சரியில்லை, அந்த மாதிரி. நான் தாளைப் பார்க்கவில்லை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை.

"யாரும் கேக்காத ஒண்ணச் செஞ்சோம்" என்றேன் ஆங்கிலத்தில். "செஞ்சவருக்கு மனுஷங்கள விட மெஷின் பிடிக்கும். ஓட்டுறவங்க வேணாம்னு சொன்னாங்க. அவர் கேக்கல. அவர் ஒரு நாள்கூட வேன்ல ஏறிப் பாக்கல. நான் மேடையில பேசிப் பேசி அத மறைச்சேன்."

எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நான் பின்னால் போயிருப்பேன். அவன் சட்டைக் காலரை ஒருமுறை தளர்த்திக்கொண்டான். தான் எழுதியிருந்த பதிலின் குறுக்கே நிதானமாக ஒரு கோடு போட்டான்.

"இது நல்லாருக்கு" என்றான். "நான் எழுதுனதவிட நல்லாருக்கு. ஆனா 'அவர்'னு சொல்லாத. வேற ஆள் மேல பழி போடுறன்னு நெனப்பாங்க. 'நான் கேக்கல, நான் ஏறிப் பாக்கல'ன்னு மாத்திக்க. தப்ப ஒத்துக்கிற ஆளத்தான் எடுப்பாங்க."

"சுரேன், நான் கோவத்துல சொல்லிட்டேன்."

"தெரியும். மாத்திச் சொல்லு."

சொன்னேன். நான் கேட்கவில்லை, நான் ஏறிப் பார்க்கவில்லை. அவன் அதைத் தாளில் எழுதி, 'நான்' வரும் இடத்திலெல்லாம் கீழே கோடு போட்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது, இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. அடுத்தடுத்துக் கேட்டான். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், உங்களைவிட வயதில் சிறியவர் மேலதிகாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் நான் தடுமாறாமல் பதில் சொன்னேன். இவ்வளவு நன்றாகச் சொல்ல வருகிறதே என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. இந்த நேர்முகத்தில் நான் தேறிவிடுவேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கடைசியாக அவன் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"இது எழுதல. ஆனா கண்டிப்பா கேப்பாங்க. பொம்பளைங்ககிட்ட கேக்காம இருக்க மாட்டாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினான். "கோலாலம்பூருக்கு வரணுமே. உங்க கணவருக்குச் சம்மதமா? அவர் என்ன செய்றார்?"

நான் அவனைப் பார்த்தேன். முதலாளியின் மரியாதைச் சிரிப்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்" என்றேன்.

"கேப்பாங்க சுபா. அங்க போய் இப்பிடி முழிச்சிக்கிட்டு உக்கார முடியாது."

"சொந்தத் தொழில்னு சொல்றேன்."

"என்ன தொழில்னு கேப்பாங்க. அப்புறம் அதுல உனக்குப் பங்கு இருக்கான்னு கேப்பாங்க. மாட்டிக்குவ."

"வேல தேடுறார்னு சொல்லவா?"

"அது நல்லாருக்காது. பாவப்படுவாங்க." மேசை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே, வார்த்தை வார்த்தையாகச் சேர்த்தான். "வீட்ல இருக்கார். எனக்கு ஒத்தாசையா இருக்கார். எங்க வேணாலும் கூட வருவார். அவ்வளவுதான். சின்னதா முடிச்சிரு. நீட்டுனா மேல கேப்பாங்க."

"நீ கூட வருவியா?"

"அது பதிலுக்குத்தான் லா."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவன் நேரத்தை வீணாக்குகிறேன் என்பதுபோல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். என் கணவர் வீட்டில் இருக்கிறார். எனக்கு ஒத்தாசையாக இருக்கிறார். எங்கு வேண்டுமானாலும் கூட வருவார்.

"முகம் சரியில்ல" என்றான். "இத சந்தோஷமா சொல்லணும். பெருமையா. இன்னொரு தடவ."

இன்னொரு தடவை சொன்னேன். அதுவும் சரியில்லை என்றான். சிரிப்பு உதட்டிலேயே நிற்கிறது, கண்ணுக்கு வரவில்லை என்றான். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "இங்க பாரு, நான் சொல்லிக் காட்டுறேன்" என்றான். முதுகை நிமிர்த்தினான். நான் மேடையில் வைப்பதுபோலக் கைகளை மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டான். பிறகு என் கண்ணை நேராகப் பார்த்து, "மை ஹஸ்பண்ட் இஸ் எட் ஹோம். ஹீ சப்போர்ட்ஸ் மீ" என்று ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னான். சொல்லிவிட்டு, நான் பார்த்துப் பழகிக்கொள்வதற்காக, அந்தச் சிரிப்பைக் கலைக்காமல் அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.