மூன்று முறை அளந்த ஆண்டெனா

தாஸ் வடிவமைத்த ஆண்டெனாவுக்கு இடதும் வலதும் தெரிந்தன. நேர் எதிரே மட்டும் தெரியவில்லை.

அந்த ஆண்டெனா இருக்கும் சர்க்யூட் பலகையின் இரண்டு செப்புப் பரப்புகளுக்கு நடுவே, இருபுறமும் வரிசையாகத் துளையிட்டு உண்டாக்கிய பாதையில் அலை ஓடும். மேலே வெட்டிய பிளவுகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதிர்வெண்ணை மாற்றினால் கசியும் கற்றை திசை திரும்பும், மோட்டார் வேண்டாம். ஆனால் கற்றை நேர் எதிரே வரும்போது மட்டும், பிளவுகள் திருப்பியனுப்பும் அலைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்த வழியே போய்விடும். இந்த ஆண்டெனா போகவேண்டிய கார் ரேடாருக்கு அது ஆகாது.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே தாஸ் ஒரு வருடம் இந்தக் குறையோடு மல்லுக்கட்டினான். பிறகு மேலாளர் வீணா அந்த வேலையை நிக்கோலிடம் கொடுத்தார். நிக்கோல் அவன் மனைவி. ஒரே கல்லூரியில் படித்தவர்கள். மதிப்பெண்ணில் எப்போதும் அவன்தான் முன்னால்.

அவள் ஒவ்வொரு பிளவின் பக்கத்திலும் ஒரு சின்னத் துளை வைத்தாள். பிளவு திருப்பியனுப்பும் அலையை அந்தத் துளை அழித்துவிடும். அவள் வடிவமைத்த பலகை செய்து வந்ததும் அதை அளக்கும் பொறுப்பு தாஸுக்கு வந்தது. கற்றை எங்கும் மங்காமல் நேர் எதிரேயும் கடந்து போனது.

"கனெக்டர் மேல சந்தேகமா இருக்கு. திரும்ப அளந்துடறேன்" என்றான்.

"எனக்காக இவ்ளோ மெனக்கெடுறியா?" என்று நிக்கோல் சிரித்தாள்.

கழற்றித் துடைத்து மாட்டினான். முடிவு முன்னைவிட நன்றாக வந்தது. மூன்றாம் முறையும் அப்படியே.

மீட்டிங்கில் வீணா, "சக்கத்தா இருக்கு, பிரமாதம். மூணு தடவ அளந்திருக்கீங்க, யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றார்.

"தாஸ்தான் விடாம அளந்தாரு" என்றாள் நிக்கோல். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் எரிச்சலோடு அளவீட்டுத் தாள்களை அடுக்கினான்.

வீடு திரும்பும் வழியில் சந்தாபுரா நெரிசலில் ஸ்கூட்டர் நின்றபோது, பின்னால் உட்கார்ந்திருந்த நிக்கோலிடம் சொல்லிவிட்டான். "உனக்காக அளக்கல. ஒரு தடவயாவது தப்பா வரும்னு பாத்தேன்."

"தெரியும். ரெண்டாவது தடவ உன் மூஞ்சியப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் மீட்டிங்ல அப்படிச் சொன்ன?"

"அளந்தது நீதான? அது உண்மை."

வீடு வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, "அந்தத் துளைய எங்க வெக்கணும்னு எப்படிப் புடிச்ச?" என்று கேட்டான்.

"நாளைக்கு ஆபீஸ்ல கேளு, எல்லார் மாதிரியும்."

மறுநாள் காலை எரிச்சல் அப்படியேதான் இருந்தது. இருந்தும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள், முகத்தை மட்டும் திருப்பவில்லை.